செவ்வாய்க்கிழமை பாளையத்துக்கு வாருங்கள்!

சாலைக்கடைத் தோழர்களே, கரமனையிலும் வலியசாலையிலும் இருக்கும் சகாக்களே!

கடன் என்ற சொல்லைக் கேட்டாலே தலைகுனிய நம்மைப் பழக்கிவிட்டார்கள். குனிந்த தலையோடு இந்தச் சண்டைக்கு வர வேண்டாம். சீட்டு எடுத்து மகளை நர்சிங் படிக்க வைத்தவர் நம் தெருவில் எத்தனை பேர்! சீட்டு ஏலத்தில் தள்ளு (கழிவு) அதிகம் போனால் முணுமுணுத்தார்கள், மாதத் தவணையை ஒழுங்காகக் கட்டினார்கள். யாரும் வெட்கப்படவில்லை. 1969-ல் திருச்சூரில் பிறந்த கே.எஸ்.எஃப்.இ. இந்தச் சீட்டையே அரசாங்க நிறுவனமாக நடத்திக் காட்டியது. 2018-ல் அது தொடங்கிய பிரவாசி சிட்டியில் வளைகுடாத் தொழிலாளிகள் கட்டிய பணம், மாநில அரசின் உட்கட்டமைப்பு நிதி வாரியமான கிஃப்பியின் பத்திரத்துக்குப் போனது. பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இந்த மண் பணம் புரட்டிய விதம் அது.

கொழும்பைப் பாருங்கள். டாலரில் பத்திரம் விற்றுக் கடன் வாங்கினார்கள். கஜானாவில் டாலர் வற்றியதும் 2022 ஏப்ரல் 12-ல், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தார்கள். 2023 மார்ச்சில் ஐ.எம்.எஃப். ஏறத்தாழ 300 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதற்கு விலையாக வரியும் மின்கட்டணமும் ஏறி சாதாரண மக்களின் முதுகில் விழுந்தன. வாங்கியது எந்த நாட்டுக் காசில், நிபந்தனை எழுதியது யார் பேனா, இரண்டையும் பார்க்காமல் கடன் நல்லதா கெட்டதா என்று வாதாடுவது வீண்.

2019-ல் கிஃப்பி லண்டனில் விற்ற 2,150 கோடி மசாலா பத்திரம் ரூபாயில் எழுதப்பட்டது. ரூபாய் சரிந்தால் நட்டம் கொடுத்தவனுக்கு, நமக்கு இல்லை. ஆனால் வட்டி 9.723 சதவீதம். குறைச்சலான வட்டியா அது? அன்றைக்கு முகம் சுளித்த சகாக்களில் நானும் ஒருவன், இன்றும் அதை மறைக்க மாட்டேன். 2024 மார்ச்சில் அசலும் திருப்பிக் கட்டியாகிவிட்டது.

பிறகு கழுத்தைப் பிடிப்பது எது? அரசமைப்புச் சட்டத்தின் 293-வது பிரிவு, மூன்றாம் உட்பிரிவு. மத்திய அரசிடம் வாங்கிய பழைய கடன் கொஞ்சம் பாக்கி இருந்தாலும், புதுக் கடனுக்கு டெல்லியின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தைத்தான் சுருக்குக் கயிறாக்கினார்கள். கிஃப்பியும் ஓய்வூதிய நிறுவனமும் வாங்கிய கடனையெல்லாம் மாநிலத்தின் கடன் வரம்பில் கழித்தார்கள். தேசிய நெடுஞ்சாலை 66-க்கு நிலம் எடுக்கும் செலவில் கால் பங்கு நம் தலையில் விழுந்தது. கிஃப்பி கொடுத்த அந்த 5,580 கோடியும் நம் கடன் கணக்கிலேயே ஏறியது. சாலை அவர்களுடையது, கடன் நம்முடையது! மாநிலத்துக்கு மூன்று சதவீதம் என்று கோடு கிழித்தவர்கள், 2023-24 பட்ஜெட்டில் தங்கள் பற்றாக்குறையை 5.9 சதவீதம் என்று எழுதிக்கொண்டார்கள். பகிர்ந்து தரும் மத்திய வரியிலும் பத்தாவது நிதிக்குழு காலத்தில் 3.875 சதவீதமாக இருந்த நம் பங்கு, பதினைந்தாவதில் 1.925 ஆகத் தேய்ந்தது.

விழிஞ்ஞத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். கொழும்பில் கப்பல் மாறிப் போன நம் சரக்கை இங்கேயே பெரிய கப்பலில் ஏற்றத்தான் இந்தத் துறைமுகம். முதல் கட்டச் செலவு ஏறத்தாழ 8,867 கோடி. அதில் மாநிலத்தின் பங்கு மட்டும் சுமார் 5,600 கோடி. டெல்லி மானியமாகத் தந்தது 817.80 கோடி. அதையும் சும்மா தரவில்லை, துறைமுக வருமானத்தில் மாநிலத்துக்கு வரும் பங்கிலிருந்து திருப்பித் தர வேண்டுமாம். மானியத்துக்குத் தவணை கேட்பதை நம் சாலைக்கடைக் கந்துவட்டிக்காரர்கூடச் செய்யமாட்டார்.

இந்தக் கடன் வரம்பை எதிர்த்துக் கேரளம் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரல் 1-ல் வழக்கை ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பிய நீதிமன்றம், இடைக்கால நிவாரணம் தரவில்லை. அதற்கு முன் பிப்ரவரி 8-ல் ஜந்தர் மந்தரில் அமைச்சர்களே தரையில் உட்கார்ந்தார்கள். ஆட்சி எதுவானாலும் இந்தக் கயிறு அதே கழுத்தில்தான் இருக்கும்; எனவே இது ஒரு கட்சியின் சண்டை என்று யாரும் ஒதுங்க வேண்டாம்.

ஒன்றை நமக்குள் பேசிவிடுவோம். 2025 பிப்ரவரி 10 முதல் தலைமைச் செயலக வாசலில் ஆஷா சுகாதாரப் பணியாளர் சகோதரிகள் ஊதிய உயர்வு கேட்டு உட்கார்ந்தார்கள். டெல்லி தரவில்லை என்ற பதில் அவர்களுக்குப் போதவில்லை. போதாதுதான். அறுபது வயதுத் தாய்க்கு 1,600 ரூபாய் பென்ஷன் மாதக்கணக்கில் நின்றபோதும் அதே பதிலைத்தான் சொன்னோம். கடன் வாங்கும் உரிமைக்காகக் கொடி பிடிக்கிற கைதான், வாங்கிய ஒவ்வொரு கோடியும் எங்கே போனது என்று வார்டு சபையில் கணக்கும் காட்ட வேண்டும். கிஃப்பி கணக்கைத் தணிக்கைக்குத் தயங்காமல் திறந்து வையுங்கள் என்று நம் தலைவர்களிடமே கேட்போம். கேட்கத் தயங்குகிறவர் ஊர்வலத்தில் பின்வரிசையில் வரட்டும்.

மாநிலக் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி வழக்கமாக ஏலம் விடுவது செவ்வாய்க்கிழமை. வரும் செவ்வாய் காலை பத்து மணிக்கு பாளையம் ரத்தசாட்சி மண்டபத்தில் கூடுவோம். அங்கிருந்து பேக்கரி ஜங்ஷனில் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகம் வரை நடப்போம். சுமட்டுத் தோழர்கள் காலைச் சரக்கை இறக்கிவிட்டு நேராக வந்துவிடுங்கள். குடும்பஸ்ரீ அக்காமார்கள் தங்கள் சங்கக் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்து வாருங்கள், அதைத்தான் அன்று கொடிக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடிக்கப் போகிறோம். மழை வந்தால் குடையோடு வாருங்கள், வெயில் என்றாலும் அதே குடை.