மீனுக்குப் பொரி போடலாமா?



ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் கடற்கரையில் பொரிப் பொட்டலம் விற்பேன். உங்களில் பல பேர் பார்த்திருப்பீர்கள். பொட்டலம் 10 ரூபாய். எங்க சித்தப்பா வெளியூர்க்காரர்களைப் படகில் பாருக்குக் கூட்டிப் போவார். (பார் என்றால் பவளப்பாறை. வெளியூரிலிருந்து வந்த டீச்சர்களுக்காகச் சொல்கிறேன்.) அவர்கள் கண்ணாடி மாட்டி, மூச்சுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு குப்புற மிதப்பார்கள். கையில் பொரியோ ரொட்டியோ இருந்தால் மீன் கூட்டமாக வந்து விரலைக் கொத்தும். ஒரே சிரிப்பும் கூச்சலும்தான். இப்போது நான் விற்பதில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

முதலில் ஓடி வருவது எது தெரியுமா? மஞ்சள் முதுகில் கருப்பு வரி போட்ட சின்ன மீன். அதில் அப்பா மீன்தான் முட்டைக்குக் காவல். முட்டை பாறையில் ஊதா கலரில் திட்டாக ஒட்டியிருக்கும். பக்கத்தில் யார் போனாலும் விரட்டும், நம்மையே முட்ட வரும். அப்படிப்பட்ட மீன் ரொட்டிக்காக மேலே வந்துவிட்டால், அந்த நேரத்தில் மற்ற மீன் முட்டையைத் தின்றுவிடும். நாம் மேலே போட்டோ எடுத்துக்கொண்டு இருப்போம்.

அப்புறம் ஓராவும் கிளிமீனும். ஓரா முள் குத்தினால் எப்படிக் கடுக்கும்னு வலை உதறுகிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் பாரில் பாசியை மேய்வது இதுங்கதான். 2016 கோடையில் கடல் தண்ணி சூடாகி நம்ம பக்கத்துப் பவளம் வெளுத்துப் போச்சு. நான் அப்போ சின்னப் பிள்ளை, தாத்தா சொல்லித்தான் தெரியும். செத்த பவளத்தில் பாசி அடர்ந்துவிட்டால் புதுப் பவளக் குஞ்சு ஒட்ட இடம் கிடைக்காது. மேய்கிற மீனுக்குப் பொரியைப் பழக்கிவிட்டால் அந்த வேலையை யார் செய்வது?

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். "கோயில் குளத்துல அத்தனை பேரு பொரி போடுறாக, மீனு செத்தா போச்சு?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் குளத்து மீனை நம்பி பார் எதுவும் இல்லையே! அடுத்துக் கேட்டார்: "மீனு கிட்ட வரலன்னா ஆளு வராது. டீசலுக்கு எங்க போவேன்?" இதற்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. விசைப்படகுத் தடைக்காலம் 61 நாளும் அப்பா கரையில்தான். அப்போது அந்தப் படகுப் பணம்தான் ரெண்டு வீட்டுக்கும் அரிசி.

அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். ஹவாய்த் தீவில் ஹனௌமா விரிகுடா என்று ஒரு இடம் இருக்கிறதாம். அங்கேயும் மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 1999இல் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் கூட்டம் வருகிறது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு வைக்கும் அளவுக்கு ஆள் வருகிறது.

சித்தப்பா என்னோடு ரெண்டு வாரம் பேசவில்லை. போன ஞாயிறு ஒரு குடும்பத்தைப் பொரி இல்லாமல் கூட்டிப் போனார், என்னையும்தான். ஆடாமல் மிதந்தோம். கொஞ்ச நேரத்தில் மீன் தானாக வந்தது. கிளிமீன் பாறையைக் கடிக்கிற சத்தம் தண்ணிக்குள் நன்றாகக் கேட்டது, முறுக்கு கடிக்கிற மாதிரி. அவர்கள் வீட்டுப் பையன் படகில் ஏறவே மாட்டேன் என்று அடம் பிடித்தான். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை.

விற்காத பொட்டலம் 12 வீட்டில் இருக்கிறது. திங்கட்கிழமை இடைவேளைக்குக் கொண்டு வருகிறேன், நாமே தின்போம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி