டானிக் என்று எழுதி மருந்து என்று விற்காதே! நானோ வெள்ளிக்குக் கடிவாளம் போடு!



மஞ்சளில் கிழங்கு அழுகல், தக்காளியில் வாடல், சின்ன வெங்காயத்தில் திருகல். எந்த நோயைச் சொல்லிக் கடைக்குப் போனாலும் இப்போது ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து நீட்டுகிறார்கள். "இது நானோ வெள்ளிங்க. பூஞ்சாணம், பாக்டீரியா எதுவானாலும் ஒரே அடியில காலி" என்கிறார்கள்.

நம்ம சங்கத்து விவசாயி ஒருவர் வாங்கி வந்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். "பயிர் வளர்ச்சி ஊக்கி" என்றுதான் அச்சடித்திருக்கிறது. நோய் மருந்து என்று ஒரு வார்த்தை இல்லை. பதிவு எண் இல்லை. எச்சரிக்கை முக்கோணம் இல்லை. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு. வாயால் சொன்னால் மருந்து, எழுத்தில் பார்த்தால் டானிக்! இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

எதற்கு இந்தத் தில்லுமுல்லு?

பூச்சி, பூஞ்சாணத்தைக் கொல்லும் மருந்தை விற்க வேண்டுமானால் 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மத்தியப் பதிவுக் குழுவில் பதிய வேண்டும். மருந்து வேலை செய்கிறதா, ஆளுக்கும் மாட்டுக்கும் மீனுக்கும் கெடுதல் உண்டா என்று சோதனை காட்ட வேண்டும். அதற்குப் பணம் ஆகும், வருஷம் ஆகும். டானிக் என்று எழுதிவிட்டால் அந்தச் செலவு மிச்சம். 2021 பிப்ரவரியில் உயிர் ஊக்கிகளையும் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டு வந்தார்கள். பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் வரும் மருந்து எதுவும் உயிர் ஊக்கி ஆகாது என்று அந்த ஆணையிலேயே இருக்கிறது. காகிதத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். கடைவீதியில் அது திறந்தே கிடக்கிறது.

நானோ என்றாலே பலருக்கும் மூட்டை யூரியா கேட்டால் சேர்த்துத் தலையில் கட்டும் நானோ யூரியா நினைவு வரும். அது உரம், அந்தச் சண்டை தனி. இங்கே பேசுவது கிருமியைக் கொல்வதற்கென்றே செய்த பொருளைப் பற்றி.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். 100 நானோமீட்டருக்குள் இருக்கும் துகளை நானோ துகள் என்கிறார்கள். கட்டி வெல்லம் மெதுவாகக் கரையும், தூள் வெல்லம் உடனே கரையும். அதே மாதிரிதான் வெள்ளியும். கொலுசாகக் காலில் கிடக்கும்போது அது பாட்டுக்குக் கிடக்கிறது. பொடிக்குப் பொடியாக்கினால் அதன் மேற்பரப்பு பல மடங்கு பெருகும், அதிலிருந்து வெள்ளி அயனி வேகமாகக் கழன்று கிருமியைத் தாக்கும். பொருள் ஒன்றேதான், அளவு மாறியதும் குணம் மாறிவிடுகிறது. ஆனால் 1971ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளில் லேபிளில் வீரியத்தைப் போடு, முக்கோணத்தைப் போடு என்று இருக்கிறதே ஒழிய, துகளின் அளவைப் போடு என்று ஒரு வரி இல்லை.

மண்ணைக் கேட்டீர்களா?

வெள்ளிக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கடலை வேரில் முடிச்சுப் போட்டு காற்றுத் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியமும் பாக்டீரியாதான். நாம் போடும் எருவின் அம்மோனியாவைப் பயிர் உறிஞ்சும் நைட்ரேட்டாக மாற்றித் தருவதும் பாக்டீரியாதான். அம்மோனியாவை மாற்றும் இந்த வகையை நானோ வெள்ளி முடக்குவதை ஆய்வுக்கூடங்களிலேயே பார்த்திருக்கிறார்கள். மண்ணிலும் சாக்கடையிலும் கந்தகத்தோடு சேர்ந்தால் வெள்ளியின் வீரியம் குறைந்துவிடும் என்றும் சொல்கிறார்கள். நல்லது. அப்படியானால் நம்ம செம்மண்ணில், நம்ம கரிசலில் எவ்வளவு குறைகிறது, எத்தனை போகம் அடித்தால் எவ்வளவு தங்குகிறது என்று சோதித்துக் காட்டுங்கள். காட்டிவிட்டு விற்பனை செய்யுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியலுக்கென்றே துறை இருக்கிறது. நாங்கள் விஞ்ஞானத்துக்கு எதிரி இல்லை. சோதனையை எங்கள் காட்டில், எங்கள் காசில் நடத்தாதே என்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. தீக்காயத்துக்கு ஆஸ்பத்திரியில் வெள்ளி கலந்த களிம்பு போடுகிறார்கள். வெள்ளிக்குப் பழகிய கிருமியும் வரும். 1975லேயே அமெரிக்காவில் பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் தீக்காயப் பிரிவில் வந்தது. அவசரத்துக்கு உதவும் மருந்தைக் காட்டிலும் துணியிலும் வாரி இறைக்கலாமா?

துணி என்றதும் நொய்யல் நினைவுக்கு வர வேண்டும். நாற்றம் அடிக்காத சாக்ஸ், கிருமி அண்டாத பனியன் என்று விற்பவை சிலவற்றில் இதே வெள்ளித் துகள்தான். 2008ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் கடைச் சாக்ஸை வாங்கித் தண்ணீரில் அலசினார்கள். சிலவற்றிலிருந்து வெள்ளி கழன்று தண்ணீரில் வந்தது. அலசின தண்ணீர் சாக்கடைக்கு, சாக்கடை ஆற்றுக்கு, ஆறு நம்ம வாய்க்காலுக்கு. 1992ல் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். நீதிமன்றம் 2011ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்போது காடு உப்பாகிப் போயிருந்தது. எண்டோசல்பானும் அப்படித்தான். காசர்கோட்டு முந்திரிக் காட்டில் ஆண்டுக்கணக்கில் தெளித்துப் பிள்ளைகள் முடமான பிறகு, 2011ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. முதலில் தெளி, பிறகு பார்க்கலாம் என்பதுதான் இவர்கள் வழக்கம்!

வெளிநாட்டில் என்ன நடந்தது?

ஐரோப்பாவில் 2013 செப்டம்பர் முதல் கிருமிக்கொல்லிப் பொருளில் நானோ இருந்தால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். லேபிளில் பொருளின் பெயருக்குப் பக்கத்தில் 'நானோ' என்று போட வேண்டும். அமெரிக்காவில் துணிக்கான நானோ வெள்ளி ஒன்றுக்கு 2011ல் நிபந்தனை அனுமதி கொடுத்தார்கள். துணியைச் சப்பும் சின்னக் குழந்தைகளுக்கான பாதுகாப்புக் கணக்கு சரியில்லை என்று 2013ல் நீதிமன்றம் அதில் ஒரு பகுதியை ரத்து செய்தது. இன்னொரு நானோ வெள்ளிக்கு 2015ல் கொடுத்த அனுமதியை, மக்கள் நலனுக்கு என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2017ல் தள்ளியது. அங்கே வழக்குப் போட்டவர்களும் மக்கள் அமைப்புகள்தான்.

இங்கே? 2020 ஜூலையில் மத்திய அரசு நானோ விவசாயப் பொருள்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. வழிகாட்டுதல் சட்டம் ஆகாது. மீறினால் மீறியவனை அது என்ன செய்யும்?

எங்கள் கோரிக்கைகள்:

1. நோயைக் கொல்லும் என்று விற்கும் எந்த நானோ பொருளும் பூச்சிக்கொல்லிச் சட்டப் பதிவு இல்லாமல் கடையில் இருக்கக் கூடாது.
2. லேபிளில் 'நானோ' என்ற சொல், துகளின் அளவு, வெள்ளியின் அளவு தமிழில் இருக்க வேண்டும்.
3. 2020 வழிகாட்டுதலைச் சட்ட விதியாக்கு. மண், நீர் சோதனை முடிவுகளை ஊரறிய வெளியிடு.
4. நானோ பூச்சு போட்ட துணிக்கும், அந்த ஆலைக் கழிவுநீருக்கும் வரையறை கொண்டு வா.
5. டானிக் பெயரில் மருந்து விற்று நஷ்டமான விவசாயிக்கு விற்ற கம்பெனியே ஈடு கொடுக்க வேண்டும்.

விவசாயத் தோழர்களே! பதிவு எண் இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் லேபிளைக் கிழிக்காமல் பத்திரமாக வையுங்கள். பில் கேட்டு வாங்குங்கள், தராத கடையைச் சங்கத்துக்குச் சொல்லுங்கள். வரும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு அந்தக் காலிப் பாட்டில்களோடு கலெக்டர் ஆபீசுக்கு வாருங்கள். மேசையில் வரிசையாக வைத்து ஒரே கேள்வி கேட்போம்: இது மருந்தா, டானிக்கா?

பதில் வரும்வரை எழுந்திருக்க மாட்டோம்!

ஒன்றுபடுவோம்! மண்ணைக் காப்போம்!

இவண்,
விவசாயிகள் சங்கம்