பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க

பயோசென்சர் புராஜெக்டுக்குப் பீசோ குணகம் பெரிசா இருக்கேன்னு பி.இசட்.டி. பீங்கானை எடுக்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க. அதன் குணகம் நியூட்டனுக்குச் சில நூறு பிகோகூலும். குவார்ட்ஸுக்கு வெறும் 2.3. ஆனாலும் நானோகிராம் எடையை அளக்கிறதில் குவார்ட்ஸ்தான் ஜெயிக்குது. அதிர்வில் ஆற்றல் இழப்பு குறைவு. அதிர்வெண் நிலையா நிற்கும். 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் சதுர செ.மீ.க்கு 17.7 நானோகிராம் படிந்தாலே 1 ஹெர்ட்ஸ் குறையும். 10 மெகாஹெர்ட்ஸுக்கு மெலிதாக்கினால் 4.4 போதும், ஆனா சீக்கிரம் உடையும்.

ஐப்பசி மழையில் நனைஞ்ச குறுவை நெல்லில் பூஞ்சை நச்சைத் தேடணும்னா இன்னொரு சிக்கல்: நம்ம தஞ்சாவூர் ஈரக்காத்தும் படிகத்தில் படியும். கருவிக்கு நச்சும் எடை, தண்ணியும் எடை. அதனால நச்சை மட்டும் பிடிக்கிற பூச்சைத் தேடுங்க. பக்கத்தில் வெற்றுப் படிகம் ஒண்ணு வெச்சு வித்தியாசத்தை எடுங்க. கொள்முதல் நிலைய வாசல்ல காத்திருக்கிற விவசாயிக்கு, ஒரு தப்பான ரீடிங்கால ஒரு போக உழைப்பே போயிடும்.