ஒரு பட்டன்... ஒரு கப் எஸ்பிரசோ! அரை லட்சம் ரூபாய் காபி மெஷின் வீட்டுக்குக் கட்டுப்படியாகுமா?

கடந்த சில ஆண்டுகளாகக் காபி விலை போகிற போக்கைப் பார்த்தால், காலையில் டிகாக்‌ஷன் இறக்கும்போதே கணக்குப் போடத் தோன்றுகிறது. அராபிகா காபியின் சர்வதேச விலை 1977-ல் தொட்ட உச்சத்தை 2024 டிசம்பரில் தாண்டியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் அராபிகா, 4 டாலருக்கும் மேலே போனது. பிரேசிலிலும் வியட்நாமிலும் நிலவிய வறட்சி இதற்கு முக்கியக் காரணம். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரேசில் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. பிறகு நவம்பரில் காபிக்கு விலக்குக் கொடுத்தது.

பிரேசில் வறட்சிக்கும் கும்பகோணத்துக் காபித்தூளுக்கும் என்ன சம்பந்தம்? இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. வெளியே விலை ஏறினால் குடகிலும் ஏற்காட்டிலும் கொட்டை விலை ஏறும். அது நேராக நம்ம ஊர் காபித்தூள் கடைக்கு வந்து சேரும்.

ஒருபக்கம் கஃபேக்களில் ஒரு கப்புச்சினோ பல இடங்களில் 200 ரூபாயைத் தொடுகிறது. இன்னொரு பக்கம் ஆன்லைன் தள்ளுபடி விற்பனைகளில் ‘ஃபுல்லி ஆட்டோமேட்டிக்’ எஸ்பிரசோ மெஷின்கள் இஎம்ஐ வசதியோடு வருகின்றன. கஃபேக்குக் கொடுக்கும் காசை மெஷினுக்குக் கட்டிவிடலாமே என்று பலரும் யோசிக்கிறார்கள். அந்த யோசனை சரிதானா? விரிவாகப் பார்க்கலாம்.

முழு ஆட்டோமேட்டிக் என்றால் என்ன?

எஸ்பிரசோ என்பது கொட்டையின் பெயர் அல்ல, காபி போடும் முறையின் பெயர். நைசாக அரைத்த காபித்தூளின் வழியே 90 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே சூடான தண்ணீரை, சுமார் 9 பார் அழுத்தத்தில், 25 முதல் 30 விநாடிக்குள் செலுத்தினால் கிடைப்பது எஸ்பிரசோ. நம் ஃபில்டரில் தண்ணீர் தானாகச் சொட்டுச் சொட்டாக இறங்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை இங்கே அழுத்தம் குறைத்துவிடுகிறது.

சாதாரண எஸ்பிரசோ மெஷினில் தூளை அளந்து, அழுத்தி, கைப்பிடியை மாட்ட வேண்டும். முழு ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலையெல்லாம் கிடையாது. மேலே கொட்டையைக் கொட்டி, பட்டனை அழுத்தினால் போதும். அரைப்பது, அமுக்குவது, காபி இறக்குவது, சக்கையை உள்ளே இருக்கும் டப்பாவில் தள்ளுவது எல்லாமே மெஷினின் பொறுப்பு. இத்தாலியின் சாயிகோ நிறுவனம் 1985-ல் இப்படி ஒரு மெஷினை வீட்டு உபயோகத்துக்குக் கொண்டுவந்தது. இன்று டிலோங்கி, பிலிப்ஸ், யூரா போன்ற பிராண்டுகள் இந்தச் சந்தையில் இருக்கின்றன.

நம்ம ஃபில்டர் காபி இதில் வருமா?

வாங்கும் முன் வீட்டில் எல்லோரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். நேரடிப் பதில்: வராது.

காரணம் சிக்கரி. தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் புழங்குவது 80:20, 70:30 விகிதத்தில் சிக்கரி கலந்த தூள். காபி-சிக்கரி கலவையில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது கிட்டத்தட்ட பாதிவரை சிக்கரி இருக்கலாம். டிகாக்‌ஷனுக்குக் கருமையும் கெட்டித்தன்மையும் லேசான இனிப்புக் கசப்பும் கொடுப்பது அந்த வறுத்த வேர்தான்.

ஆட்டோமேட்டிக் மெஷினோ கொட்டைக்காகவே வடிவமைக்கப்பட்டது. தூள் போடுவதற்கென்று சில மாடல்களில் தனி வழி இருக்கும். ஆனால் சிக்கரி தண்ணீரை இழுத்துப் பிசுபிசுப்பாகிவிடும். அழுத்தத்தில் தண்ணீர் சரியாக இறங்காது, உள்ளே அடைப்பும் வரலாம். இன்ஸ்டன்ட் காபித்தூளைப் போடவே கூடாது என்று கையேடுகள் தனியாக எச்சரிக்கின்றன.

இதற்கு ஒரு நல்ல மாற்று உண்டு. காபித்தூள் கடையில் அரைக்காமல், சிக்கரி இல்லாமல், வறுத்த கொட்டையாகவே கேட்டு வாங்கலாம். ‘பிளான்டேஷன் ஏ’, ‘பீபெரி’ என்று கடைக்காரர்கள் சொல்லும் ரகங்களோடு கொஞ்சம் ராபஸ்டாவும் கலந்து, மிதமான வறுவலில் எடுத்தால் பால் காபிக்கு நன்றாக வரும். இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடு இத்தாலி. அங்கேயும் எஸ்பிரசோ கலவைகளில் ராபஸ்டா சேர்ப்பது வழக்கம், மேலே மிதக்கும் பொன்னிற நுரை கெட்டியாக வரும் என்பதால். ஆனால் எண்ணெய் மினுமினுக்கும் அளவுக்குக் கருக வறுத்த கொட்டை வேண்டாம். அந்த எண்ணெய் அரைக்கும் பகுதியில் படிந்து அடைத்துக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்?

மெஷின் விலை 60,000 ரூபாய், ஆயுள் 5 ஆண்டு, தினமும் 2 கப் என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,650 கப். மெஷின் செலவு மட்டும் கப்புக்குச் சுமார் 16 ரூபாய்.

கொட்டை கிலோ 1,200 ரூபாய் என்றால் 10 கிராமுக்கு 12 ரூபாய். பால் லிட்டர் 60 ரூபாய் என்றால் 120 மி.லி.க்கு 7 ரூபாய் சொச்சம். உப்புப் படிவு நீக்கும் திரவம், வாட்டர் ஃபில்டர் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 4,000 ரூபாய் வைத்தால் கப்புக்கு இன்னும் 5 ரூபாய் 50 காசு. ஆக மொத்தம் ஒரு கப் சுமார் 41 ரூபாய்.

200 ரூபாய் கப்புச்சினோவோடு ஒப்பிட்டால் இது லாபம். இந்தக் கணக்குப்படி, வெளியே குடிப்பதற்குப் பதிலாகச் சுமார் 340 கப் வீட்டில் குடித்தால் மெஷின் காசு திரும்பிவிடும். தினமும் கஃபே போகிறவருக்கு அது ஓராண்டுக்குள் முடிகிற விஷயம். மாதம் 5 முறை மட்டும் போகிறவருக்கு ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் மெஷினே ஓய்வு கேட்கும்.

ஆனால் வீட்டு ஃபில்டர் காபியோடு ஒப்பிட்டால்? தூள் கிலோ 800 ரூபாய் என்று வைத்தாலும், 10 கிராம் தூளும் பாலும் சேர்த்து 15 ரூபாயில் ஒரு கப் முடிந்துவிடும். அங்கே மெஷின் எத்தனை வருஷம் உழைத்தாலும் லாபம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெஷின் 5 ஆண்டுக்குப் பதில் 2 ஆண்டிலேயே படுத்துவிட்டால் 41 ரூபாய் என்பது 66 ரூபாய் ஆகிவிடும். எனவே கடையில் 5,000 ரூபாய் தள்ளுபடி கிடைக்கிறதா என்பதைவிட, மெஷின் எத்தனை ஆண்டு ஓடும் என்பதுதான் பெரிய கேள்வி. அதைத் தீர்மானிப்பவை தண்ணீர், பராமரிப்பு, சர்வீஸ்.

மெஷினைக் கொல்வது தண்ணீர்

குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை இருப்பது ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியே இல்லாதபோது 600வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தரநிலை சொல்கிறது. போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் குழாய் முனையிலும் பாத்ரூம் ஹீட்டரிலும் வெள்ளையாகப் படிவது இந்தக் கடினத்தன்மையால்தான். அதே சுண்ணாம்புப் படிவு காபி மெஷினின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் சேரும். முதலில் காபி மெதுவாக இறங்கும், சூடு குறையும், கடைசியில் பம்ப் திணறும்.

இதற்காகவே பல மெஷின்களின் பெட்டிக்குள் தண்ணீரைச் சோதிக்க ஒரு சிறிய பட்டை வைத்திருப்பார்கள். அதைத் தண்ணீரில் நனைத்து, வரும் நிறத்தைப் பார்த்து, மெஷினில் கடினத்தன்மை அளவைப் பதிவு செய்ய வேண்டும். ‘டீஸ்கேல்’ எச்சரிக்கை எப்போது வர வேண்டும் என்பதை மெஷின் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. பலர் இதைச் செய்வதே இல்லை.

ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் படிவுப் பிரச்சினை பெருமளவு குறையும். ஆனால் கனிமங்கள் அடியோடு போய்விட்டால் காபி சப்பென்று இருக்கும். ப்யூரிஃபையரில் டி.டி.எஸ். அளவை மாற்றும் வசதி இருந்தால், 100 முதல் 150-க்குள் வைப்பது ருசிக்கும் மெஷினுக்கும் பொருத்தமானது.

பாலும் சூடும்

‘காபி சூடாவே இல்லையே!’ முதல் வாரத்தில் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடிய புகார் இது. கப்புச்சினோவுக்குப் பாலைச் சுமார் 60 முதல் 65 டிகிரிவரைதான் சூடாக்குவார்கள். பொங்கிவரும் பாலில் டிகாக்‌ஷன் கலந்து, ஆவி பறக்க ஆற்றிக் குடித்துப் பழகியவர்களுக்கு இது வெதுவெதுப்பாகவே தெரியும். அவர்களுக்கு எஸ்பிரசோவை மட்டும் மெஷினில் எடுத்து, பாலை அடுப்பில் காய்ச்சிக் கலந்து கொடுப்பது நல்லது.

தானாக நுரைக்கும் மாடல்களுக்கு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பால் வேண்டும். காய்ச்சிய பாலை ஊற்றினால் ஆடை போய்க் குழாயை அடைக்கும், வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். பால் பாத்திரத்தையும் குழாயையும் தினமும் கழுவியே ஆக வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு ஒருநாள் விட்டாலும் புளித்த வாடை வந்துவிடும். அந்த வேலை வேண்டாம் என்பவர்கள் நீராவிக் குழாய் மட்டும் உள்ள மாடலை எடுக்கலாம். அது விலையும் குறைவு, கழுவுவதும் சுலபம்.

எதைப் பார்க்கணும்? எதைக் கண்டுக்க வேண்டாம்?

‘15 பார்’, ‘19 பார்’ என்று பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும். அது பம்பின் அதிகபட்சத் திறன். காபிக்குத் தேவை 9 பார்தான். 15-ஐ விட 19 ருசியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. 20 வகை பானம், மொபைல் ஆப் போன்றவற்றுக்காகக் கூடுதலாகப் பல ஆயிரம் கொடுப்பதும் தேவையில்லை. பெரும்பாலான வீடுகளில் இரண்டு மூன்று பட்டன்களைத் தாண்டி யாரும் போவதில்லை.

பார்க்க வேண்டியது, காபி இறங்கும் உட்பகுதியைக் கையால் வெளியே எடுக்க முடிகிறதா என்பதை. ‘புரூ குரூப்’ என்பார்கள். டிலோங்கி, பிலிப்ஸ் மெஷின்களில் இதை எடுத்து வாரம் ஒருமுறை குழாயடியில் அலசலாம். யூராவில் இது உள்ளேயே நிலையாக இருக்கும், அதற்கென உள்ள மாத்திரையைப் போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டுமே வேலை செய்யும். ஆனால் ஈரப்பதம் அதிகமுள்ள கடலோர ஊர்களில், கண்ணால் பார்த்துக் கழுவ முடிவது பெரிய நிம்மதி. சக்கை டப்பாவையும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் அப்படியே விட்டால் பூசணம் பிடிக்கும்.

இதுபோன்ற மெஷின்கள் சுமார் 1,500 வாட் இழுக்கும். எனவே சாதாரணச் சின்ன பிளக்கில் செருகாமல், மிக்ஸி-ஓவனுக்கு மேடையில் வைத்திருக்கும் 16 ஆம்பியர் பாயின்ட்டில் செருகுவது பாதுகாப்பு.

‘அமெரிக்காவிலிருந்து தம்பி கொண்டு வர்றானாம்!’

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்க மெஷின்கள் 120 வோல்ட்டுக்கானவை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பிளக் மாற்றும் அடாப்டரை மட்டும் போட்டுச் செருகினால் மெஷின் எரிந்துபோகும். சிங்கப்பூர், துபாய், ஐரோப்பாவில் வாங்கினால் வோல்டேஜ் பிரச்சினை இல்லை. ஆனால் வாரன்ட்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். உதிரிபாகமும் இங்கே கிடைக்காமல் போகலாம்.

இந்தியாவில் வாங்கினாலும், பணம் கட்டும் முன் நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும். நம் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா? ஆள் வீட்டுக்கு வருவாரா, அல்லது மெஷினை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டுமா? வாரன்ட்டி முடிந்த பிறகு பம்ப், கிரைண்டர் மாற்ற எவ்வளவு ஆகும்? படிவால் வரும் பழுதுக்கு வாரன்ட்டி உண்டா என்பதையும் அட்டையில் படித்துவிட வேண்டும்.

பொருட்களைப் பழுதுபார்க்கும் தகவல்களை நுகர்வோருக்குத் தருவதற்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளத்தைத் தொடங்கியது. சர்வீஸ் விஷயத்தில் நிறுவனம் இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதற்குப் பில் அவசியம் என்பதை மறக்க வேண்டாம்.

அப்படியானால் யார் வாங்கலாம்?

வாரத்தில் பெரும்பாலான நாள் கஃபேயில் குடிப்பவர்கள், ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் எஸ்பிரசோ வகைக் காபியை விரும்புபவர்கள், வாரம் பத்து நிமிடம் சுத்தம் செய்வதற்கு ஒதுக்க முடிந்தவர்கள் வாங்கலாம். ஊரில் சர்வீஸ் இருந்தால் காசு வீணாகாது.

வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது சிக்கரி கலந்த டிகாக்‌ஷன் காபிதான் என்றால், காபித்தூள் விலை ஏறியதற்கு இந்த மெஷின் தீர்வு அல்ல. சில நூறு ரூபாய் பித்தளை ஃபில்டரோ, எவர்சில்வர் ஃபில்டரோ அந்த வேலையை இன்னும் பல வருஷம் செய்யும். அதற்கு டீஸ்கேலும் வேண்டாம், சர்வீஸ் சென்டரும் வேண்டாம்.

முடிவெடுக்க முடியாதவர்கள் ஒரு மாதம் பொறுக்கலாம். அந்த ஒரு மாதத்தில் வெளியே எத்தனை எஸ்பிரசோ, கப்புச்சினோ குடித்தோம் என்று எழுதி வைத்தால் போதும். 340-ஐ அந்த எண்ணால் வகுத்தால், மெஷின் காசு எத்தனை மாதத்தில் திரும்பும் என்பது தெரிந்துவிடும்.