வீட்டு வேலை என்னும் விதிவிலக்கு

சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் சிறுவர் உழைப்பதை எதிர்த்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயத் தொழிலில் குழந்தையை அமர்த்திய முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும். அக்குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும். இயலாவிடில் அரசும் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது. பிள்ளையை வேலையிலிருந்து எடுத்தால் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே என்று நீதிபதிகள் எண்ணியது பெரிதன்றோ!

2016 திருத்தச் சட்டமோ, 14 வயது நிரம்பாதவரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று முழங்கிவிட்டு, அபாயமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று பின்கதவைத் திறந்து வைத்தது. (சினிமாவில் நடிக்கவும் தடையில்லை!) இரவு 7 முதல் காலை 8 வரை உதவலாகாது என்கின்றன 2017 விதிகள்.

எங்கள் தெருவில் பூக்கட்டும் வீடுகள் பல. உதிரிப்பூவையும் நாரையும் வியாபாரி கொடுத்துப் போவார்; முழக்கணக்கில் கூலி. முகூர்த்த நாளென்றால் விடியுமுன்னே தாயோடு சிறுமியின் விரல்களும் ஓடும். பள்ளியில் முதல் மணியிலேயே அவள் தூங்கி வழிவாள். இது குடும்பத் தொழிலா, வியாபாரியின் தொழிலா? காலை 5 மணிக்கு எந்த ஆய்வாளர் வந்து கதவைத் தட்டுவார்?

அத்தாயைத் தண்டிக்கச் சொல்லவில்லை நான். முழத்துக்கு இருமடங்கு கூலி கிடைத்தால் அவள் மகளை எழுப்பவே மாட்டாள். விதிவிலக்கை நீக்கக் கோரும் மனுவில் மகிழ்ச்சியோடு கையொப்பமிடுவேன். ஆனால் அதில் பூக்கட்டும் கூலியைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்.