டி.என்.ஏ. பொட்டலத்துக்கு 48 மணி நேர கெடு! திருத்தணிக்கு ஏன் முக்கியம்?

திருத்தணி மலைக்கோவில் ஊர். ஆடிக்கிருத்திகை என்றால் கூட்டம் அலைமோதும். பக்கத்திலேயே ஆந்திர எல்லை. இப்படிப்பட்ட ஊரில் வெளியாள் ஒருவன் குற்றம் செய்துவிட்டு எல்லை தாண்டினால், அவனைப் பார்த்ததாகச் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். அவன் விட்டுப்போன ரத்தம், எச்சில், விந்துதான் சாட்சி சொல்ல வேண்டும்.

அந்தச் சாட்சியும் சில சமயம் கவிழ்ந்துவிடுகிறது.

சுருளி வழக்கு

தேனி மாவட்டம் சுருளி அருவியில் 2011-ம் ஆண்டு ஒரு ஜோடி கொல்லப்பட்டது. கைதானவருக்கு கீழ்க்கோர்ட்டு 2018-ல் தூக்கு தண்டனை விதித்தது. 2019-ல் மதுரை ஐகோர்ட்டு கிளை அதை உறுதி செய்தது. ஆனால் 2025 ஜூலை 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது!

காரணம்? டி.என்.ஏ. சோதனைக்கு எடுத்த மாதிரிகள் யார் யார் கையில் இருந்தன என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை. தாமதத்துக்கு விளக்கம் இல்லை. மற்ற சாட்சியங்களும் நிற்கவில்லை.

பிரிப்பது எப்படி?

ரத்தத்தில் வெள்ளை அணுக்களில்தான் டி.என்.ஏ. உண்டு, சிவப்பு அணுக்களில் கிடையாது. வெள்ளை அணுக்களை ரசாயனத்தால் உடைத்து, டி.என்.ஏ.வைத் தனியே பிரிக்கிறார்கள்.

பலாத்கார வழக்கில் இது இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் பெண்ணின் செல்கள் உடையும். விந்தணு கெட்டி, அது லேசில் உடையாது. வேறு ரசாயனம் சேர்த்து அப்புறம் உடைப்பார்கள். இப்படி இருவர் டி.என்.ஏ.வையும் தனித்தனியே எடுத்துவிடலாம்.

ஆனால் மாதிரி எடுத்த பஞ்சை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் அடைத்து வெக்கையில் போட்டுவைத்தால் கிருமி பெருகும், டி.என்.ஏ. சிதைந்துபோகும். காற்றில் உலர்த்தி காகித உறையில் போடுவதே முறை.

கோர்ட்டு உத்தரவு

சுருளி தீர்ப்பிலேயே சுப்ரீம் கோர்ட்டு நாடு முழுவதற்கும் விதி வகுத்தது. பொட்டலத்தில் வழக்கு எண் வேண்டும். டாக்டர், விசாரணை அதிகாரி, சாட்சி கையெழுத்து வேண்டும். 48 மணி நேரத்தில் ஆய்வுக்கூடம் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். கோர்ட்டு அனுமதி இல்லாமல் மறுபடி பிரிக்கக் கூடாது. கை மாறிய விவரம் பதிவேட்டில் ஏற வேண்டும்.

திருத்தணியில் ரெயில் ஏறினால் சென்னை சுமார் 80 கிலோ மீட்டர்தான். பொட்டலம் தாமதமானதற்கு தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது!

கணக்கு தவறினால் குற்றவாளி தப்பலாம். நிரபராதி தூக்கு மேடை வரை போகலாம். இரண்டிலும் செத்தவருக்கு நியாயம் கிடைக்கப்போவதில்லை.