வெட்டிய சதை மீண்டும் வளராதிருக்க

“கண்ணிற் படர்ந்த சதையை வெட்டுவிப்பதாற் பயனில்லை, அது மீண்டும் வளரும்” என்னும் பேச்சு எம்மவரிடையே வேரூன்றியுள்ளது. இதனை நம்பிச் சதை கண்மணியை மறைக்கும்வரை வாளாவிருந்து பார்வை குன்றியோர் பலர். அப்பேச்சு முழுப் பொய்யன்று. ஆயினும் அது பழங்கணக்கு.

மூக்குப் பக்கத்து வெள்விழியிலிருந்து கருவிழிமேற் படரும் இச்சதையை மேனாட்டு வைத்தியர் ‘சிறு சிறகு’ எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரால் டெரிஜியம் என்பர். சுசுருத சங்கிதை இதனை ‘அர்மம்’ எனக் குறித்து, குறைபட அறுத்தால் அது விரைவில் மீள வளரும் என்றும் எச்சரிக்கின்றது. ஆகவே கவலை புதிதன்று.

முன்னாளிற் சதையை அறுத்து அவ்விடத்தை வெறுமையாக விட்டனர். அங்ஙனம் விட்டவிடத்து, ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டு, நூற்றுக்கு 24 முதல் 89 வரையான கண்களில் மீள்வளர்ச்சி காணப்பட்டது. ஊர்ப்பேச்சு பிறந்தது இங்கேதான். 1985 இல் அமெரிக்காவிற் கெனியன் என்பாரும் துணைவரும் வேறொரு முறையின் பயனை வெளியிட்டனர். நோயாளியின் மேலிமைக்குக் கீழ் மறைந்துள்ள மெல்லிய சவ்வில் ஒரு துண்டை எடுத்து, அறுத்த இடத்தில் ஒட்டாக வைத்தனர். 57 கண்களில் மூன்றில் மட்டுமே சதை மீண்டது. மைற்றோமைசின் என்னும் மருந்தும் வளர்ச்சியைத் தடுக்கும். ஆயின் அது வெள்விழிச் சுவரை நலிவித்தலும் கூடுமாதலின், அதன் அளவும் தேவையும் வைத்தியர் துணிபுக்குரியன.

எனவே சத்திரசிகிச்சைக்குச் செல்பவர், “ஐயா, ஒட்டு வைப்பீர்களா?” என முன்னரே கேட்டல் வேண்டும். வைத்தியரிடம் வினவுதல் மரியாதைக் குறைவென எண்ணுதல் எம்மவர் இயல்பு. வகுப்பிலே வினாவை வரவேற்கும் நாம் வைத்தியசாலையில் வாய்மூடி நிற்பானேன்?

வைத்தியர் கடமை ஒரு மணி நேரத்தில் முடிகின்றது. நோயாளியின் கடமையோ ஓராண்டு நீள்கின்றது. மீள்வளர்ச்சி பெரும்பாலும் முதலாண்டிலேயே தோன்றும், இளவயதினரிடத்து மிகுதி, வந்தபின் முன்னதினும் முனைப்பாகப் படர்தலும் உண்டு. வீக்கந் தணிக்கும் ஸ்ரீறொயிட் துளிமருந்தைச் சிவப்பு மறைந்தது என்று இடையில் நிறுத்தலாகாது. எஞ்சியதைத் தாமாகவே மாதக்கணக்கில் விட்டுக்கொள்ளுதல் அதனினுந் தீது. கண்ணினுள் அழுத்தம் ஏறும். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் முதலியவற்றை ஆறாத புண்ணில் விடும் அன்புடைய பாட்டிமாரை வணங்கி விலக்குவதே நன்று.

எல்லாவற்றினும் பெரும்பகை வெயில். நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் ஏறத்தாழ 37 பாகைக்குள் வாழ்வோரிடத்தே இந்நோய் மிகுதி. நாம் அதன் நடுவிலே வாழ்கின்றோம். பொட்டுப் பக்கத்திலிருந்து சாய்வாக வரும் ஊதாக்கடந்த கதிர்களைக் கருவிழியின் வளைவு மூக்குப் பக்கத்து விளிம்பிற் குவிக்கின்றது என 1993 இற் கொரோனியோ விளக்கினார். ஆதலின் முன்புறம் மட்டும் மறைக்கும் கண்ணாடி போதாது. பக்கமும் மறைத்தல் வேண்டும். விளிம்பகன்ற பனையோலைத் தொப்பியும் துணைசெய்யும். புகையிலைத் தோட்டத்திலும் கடலிலும் உழைப்போர்க்கு இது கட்டாயம்.

ஆனால் கறுப்புக் கண்ணாடி அணிந்தவரை எம் சமூகம் பகட்டுக்காரர் என்கின்றது. கண் சிகிச்சை பெற்ற ஆசிரியர் அதனுடன் வாயிலிற் கால்வைத்ததும் “சினிமா நடிகர் வருகிறார்” என மாணவர் நகைப்பர். சக ஆசிரியரும் உடன் நகைப்பர். மூன்றாம் நாள் அக்கண்ணாடி மேசை இழாச்சியிற் கிடக்கும். ஒட்டு வைத்த வைத்தியரின் உழைப்பை இவ்வாறு நகைப்பினாற் கெடுப்பது கல்விக்கூடத்துக்கு அழகோ?

இல்ல விளையாட்டுப் போட்டியன்று அதிதிகளுக்குப் பந்தல் இடுகின்றோம். மாணவரையோ வெறுந்தலையுடன் அணிவகுத்து நிறுத்துகின்றோம். வரும் ஆண்டிலேனும் மாணவர்க்குத் தொப்பியும், கண் சிகிச்சை பெற்றோர் யாவராயினும் அவர்க்குக் கண்ணாடியும் பந்தலின்கீழ் ஓர் ஆசனமும் அனுமதிக்குமாறு கல்லூரி நிருவாகத்தினரைக் கேட்டுக்கொள்கின்றோம். தொப்பிச் செலவைப் பழைய மாணவர் சங்கம் ஏற்கலாம்.